பூச்சி மாத்திரையும் புற்றுநோய் மருந்தும்



நாய்க்கும் மாட்டுக்கும் கொடுக்கிற பூச்சி மாத்திரையைச் சாப்பிட்டால் புற்றுநோய் குணமாகும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி நம் பக்கத்துக் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சில நேரம் அதில் ஃபென்பெண்டசோல் என்று பெயர் இருக்கும், சில நேரம் ஐவர்மெக்டின் என்று இருக்கும். நோபல் பரிசு வாங்கிய மருந்து என்றும், விலை மலிவு என்பதால் பெரிய கம்பெனிகள் மறைக்கின்றன என்றும் கடைசியில் ஒரு வரி சேர்ந்திருக்கும். மருத்துவ உதவி கேட்டு டிரஸ்டுக்கு வருகிற குடும்பங்களில் சிலர் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். விசாரிப்பவர்களைப் பற்றிக் கவலை இல்லை. யாரிடமும் கேட்காமல், ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதிக்கும் போகாமல், கால்நடை மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வைத்துக்கொள்பவர்களை நினைத்தே இந்த மாதப் பாடம்.

அந்தச் செய்தி முழுப் பொய் என்றால் இரண்டு வரியில் எழுதி முடித்துவிடலாம். அதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது, தொல்லையே அதுதான். பூச்சி மருந்துக்கும் புற்றுநோய் மருந்துக்கும் உறவு உண்டு. ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மனிதரின் தலைமையில், ஒரு சில ஆண்டுகளுக்குள் இரண்டும் பிறந்திருக்கின்றன. அந்த மனிதர் சென்னையில் மருத்துவம் படித்தவர். அங்கே பிறந்த பூச்சி மருந்தை நம் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் பலர் நம் வீட்டு வாசலில் நின்றே விழுங்கியிருக்கிறோம்.

வாசலுக்கு வந்த மாத்திரை

திருவதிகை, பண்ருட்டி, நெல்லிக்குப்பம், கடலூர் என்று இந்தப் பக்கத்தில் நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் யானைக்கால் நோய் தெரியாமல் இருக்காது. ஹவுளில் ஒளுச் செய்ய உட்காரும்போது காலைக் கைலியால் மறைத்துக்கொள்ளும் பெரியவர்களைப் பார்த்திருப்போம். கால் வீங்கியதால் நிக்காஹ் தள்ளிப்போன பெண்களைப் பற்றியும் கேட்டிருப்போம். பரம்பரை நோய் என்றார்கள், கடல் காற்று என்றார்கள், செய்வினை என்றும் சொன்னார்கள்.

காரணம் நூல் போன்ற ஒரு புழு. அது நிணநீர்க் குழாய்களில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு நம்மைக் கடிக்கும்போது அந்தக் குஞ்சுகளை உறிஞ்சி, சில நாள் கழித்து அடுத்தவர் உடம்பில் சேர்க்கிறது. இந்தக் குஞ்சுகள் இரவில்தான் மேலோட்டமான இரத்தத்துக்கு வரும். சுகாதாரத் துறைக்காரர்கள் இரவு பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டி விரலில் ஊசி குத்தியதற்கு அதுதான் காரணம். பகலில் வர முடியாத சோம்பேறிகள் என்று அப்போது அவர்களைத் திட்டியவர்களும் உண்டு.

மனித இரத்தத்தில் இந்தக் குஞ்சுப் புழு முதன்முதலில் 1872-இல் கல்கத்தாவில் கண்டறியப்பட்டது. கண்டவர் திமோத்தி லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். கண்டுவிட்டார்கள், ஆனால் அதன் பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் உருப்படியான மருந்து இல்லை. ஆர்செனிக், ஆன்டிமனி என்று நஞ்சுக்குச் சமமான ஊசிகளையே போட்டுப் பார்த்தார்கள். 1947-இல்தான் டைஎத்தில்கார்பமசின் என்ற மருந்து வந்தது. அதைத்தான் நம் ஊரில் டி.இ.சி. மாத்திரை என்கிறோம்.

1990-களின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுக்கு ஒரு நாள், நோய் உள்ளவர் இல்லாதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் அதைக் கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் நடந்தது. பிறகு அல்பெண்டசோலும் சேர்ந்தது. எனக்குத்தான் நோய் இல்லையே, நான் ஏன் விழுங்க வேண்டும் என்று கேட்டவர்கள் நிறைய. கேள்வி நியாயமானது. வெளியே கால் வீங்காமலே உடம்புக்குள் புழு இருக்கலாம். ஊரில் யார் இரத்தத்திலும் குஞ்சு இல்லை என்றால் கொசுவுக்குச் சுமந்துபோக ஒன்றும் இருக்காது. தாய்ப்புழு தானாகச் சாகும் வரை ஆண்டுதோறும் இதைச் செய்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். மாத்திரை போட்ட இரவில் சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வந்தன. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து அடுத்த ஆண்டு மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு, விழுங்கிவிட்டேன் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். உண்மையில் அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் உள்ளே கூட்டமாகச் செத்த புழுக்கள். காய்ச்சல் வந்தவருக்குத்தான் அந்த மாத்திரை மிகவும் தேவைப்பட்டிருக்கிறது.

ஏற்கெனவே பெருத்துவிட்ட காலை இந்த மாத்திரை பழையபடி ஆக்காது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்துக்கொண்டால் அடிக்கடி வரும் நெறிக்கட்டுக் காய்ச்சல் குறையும். ஐந்து வேளை ஒளுச் செய்பவருக்குக் கழுவுவது பழக்கம்தான், துடைப்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

பாஸ்டனுக்குப் போன சென்னை மாணவர்

அந்த 1947 மருந்து அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில், லெடர்லே என்ற கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் யானைக்கால் புழுவோடு திரும்பியதால் அந்த நாட்டுக்கு அவசரம் வந்துவிட்டது. ஏழை நாட்டு நோய்க்குப் பணக்கார நாடு மருந்து தேட, அந்த நோய் அதன் சொந்தப் பிள்ளைகளைத் தொட வேண்டியிருந்தது. பருத்தி எலிகளுக்கு இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு புழுவைத் தொற்றவைத்து, ஒவ்வொரு ரசாயனமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எலியில் தேறியது பிறகு மனிதரிடம் சோதிக்கப்பட்டது.

அந்த ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர். அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற வயிற்று நோயில் சில நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாமல் இரத்தம் வற்றிப்போகும் நோய் அது. சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு அறுவை சிகிச்சை அங்கியையே கதரில் தைத்து அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்காமல் போய், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. பிறகு அமெரிக்காவில் ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்களைப் படிக்க இடம் கிடைத்தது, ஆனால் கையில் பணம் இல்லை. மாமனார் திரட்டிக் கொடுத்ததோடு, காக்கிநாடாவிலிருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தரும நிதியும் உதவுவதாக ஏற்றுக்கொண்டது.

ஒரு தரும நிதி முன்பின் தெரியாத ஒரு பையனின் படிப்புக்கு உதவ முன்வந்தது. அதனால் பிற்பாடு என்ன விளையும் என்று கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கல்வி உதவிக்கு ஜகாத் கொடுக்கிற நம் வாசகர்களுக்காக இதைக் குறிப்பிடத் தோன்றியது.

பாஸ்டன் போன பிறகும் சுகமில்லை. இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டியைக் கழுவும் வேலை செய்துகொண்டே படித்தார். நம் தசைகள் இயங்கச் சக்தி எங்கிருந்து வருகிறது என்ற ஆராய்ச்சியில் பெரும் பங்கு செலுத்தினார். ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்காமல் 1940-இல் லெடர்லேவுக்குப் போனார். 1948 ஆகஸ்டில் 53 வயதில் இறக்கும் வரை ஊர் திரும்பவே இல்லை. இந்தியா 1995-இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. சென்னையில் படித்த அவருடைய பெயரை நம் பாடப்புத்தகம் படித்த எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்?

கோஷா ஆஸ்பத்திரியிலிருந்து கீமோ வார்டு வரை

இனி புற்றுநோய்க்கு வருவோம். அதற்கு முன் பம்பாய்க்கும் திருவல்லிக்கேணிக்கும் ஒரு முறை போய் வர வேண்டும்.

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிப் பெண்கள் கடுமையான இரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஏழை முஸ்லிம் பெண்களிடம் அது அதிகமாக இருந்ததை அவர் கவனித்து, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். கீரையும் பழமும் தட்டில் இல்லை. ஈஸ்ட் சாறு கொடுத்தால் இரத்தம் ஊறுவதை 1931-இல் வெளியிட்டார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னை திருவல்லிக்கேணியில் பர்தா பெண்களுக்காகவே இருந்த கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் வேலை செய்திருக்கிறார். இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைதான் அது. ஈஸ்டில் ஒளிந்திருந்த அந்தப் பொருளுக்குப் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது.

தன் சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு மருந்து தேடிய சுப்பாராவின் குழு, 1945-இல் இந்த ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையிலும், பள்ளிக்கூடத்தில் வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று கொடுக்கும் நீல மாத்திரையிலும் இது இருக்கிறது. வாந்தி வருகிறது என்று ஜன்னல் வழியாக எறியப்படும் மாத்திரைக்குப் பின்னால் இவ்வளவு கதை.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற குழந்தை மருத்துவர் இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளைப் பார்த்துவந்தார். அந்தக் காலத்தில் அந்த நோய் வந்தால் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். ஃபோலிக் அமிலம் இரத்தத்தை ஊறவைக்கிறதே, இந்தப் பிள்ளைகளுக்கும் உதவுமோ என்று கொடுத்துப் பார்த்தார்கள். நோய் இன்னும் வேகமாக வளர்ந்தது. அப்படியென்றால் புற்றணுக்கள் இதைத் தின்றுதான் வளர்கின்றன, இதைத் தடுக்கும் ஒன்று வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலிகளைத் தயாரித்தார்கள். பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காது, வெளியேயும் வராது, அப்படி ஒரு போலிச் சாவி. வேகமாகப் பெருகும் அணு அதை உண்மையான சாவி என்று நம்பி எடுத்துக்கொண்டு, அடுத்த அணுவை உருவாக்க முடியாமல் நின்றுவிடும்.

அமினோப்டெரின் என்ற அந்தப் போலியை 16 பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. 1948 ஜூனில் ஃபார்பர் இதை வெளியிட்டார். அதில் அவர் மறைக்காமல் எழுதியது, இந்தப் பின்வாங்கல் தற்காலிகமானது என்பது. அந்தப் பிள்ளைகளுக்கு நோய் திரும்பியது. ஆனாலும் மாத்திரையாலும் ஊசியாலும் இரத்தப் புற்றுநோயைப் பின்வாங்க வைக்க முடியும் என்று உலகம் முதல் முறையாகப் பார்த்தது. அதே குடும்பத்தின் அடுத்த மருந்துதான் மெத்தோட்ரெக்ஸேட். 1956-இல் அமெரிக்காவில் லி, ஹெர்ட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் கர்ப்பப்பையில் வரும் ஒருவகைப் புற்றுநோயை அதைக் கொண்டு முழுமையாகவே குணப்படுத்தினார்கள்.

நம் மாநிலத்துக்கு இதன் பலன் எப்படி வந்தது? சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-இல் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவரும் சென்னை மருத்துவக் கல்லூரிக்காரர்தான், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1980-களில் அந்த மருத்துவமனையும், மும்பை டாட்டா மருத்துவமனையும், டெல்லி எய்ம்ஸும் அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனத்துடன் சேர்ந்து, இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு எந்த மருந்தை எந்த வாரம் எவ்வளவு கொடுப்பது என்று ஒரே திட்டம் வகுத்தன. எம்.சி.பி. 841 என்று அதற்குப் பெயர். மெத்தோட்ரெக்ஸேட் அதில் ஒன்று. அதற்கு முன் நூறு பிள்ளைகளில் இருபது பேர்கூடப் பிழைக்கவில்லை. அந்தத் திட்டத்தில் நான்கு ஆண்டுகள் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் மருத்துவமனையைப் பொறுத்து நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது வரை. புதிய அதிசய மருந்து ஒன்றும் இல்லை. இருக்கிற மருந்துகளையே ஒழுங்காக, விடாமல், தேதி தவறாமல் கொடுத்தார்கள். 'இந்த ஒரு தடவை போகாவிட்டால் என்ன' என்று கேட்கிற குடும்பங்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூச்சியே புற்றுநோய்க்குக் காரணமானால்

சில ஒட்டுண்ணிகள் புற்றுநோயை உண்டாக்கும் என்பதும் உண்மைதான். எகிப்தில் நைல் நதித் தண்ணீரில் நிற்பவர்களின் தோல் வழியாக நுழையும் ஒரு புழு சிறுநீர்ப்பையில் முட்டையிட்டு, ஆண்டுக்கணக்கில் புண்ணாக்கி, கடைசியில் அங்கே புற்றுநோயைக் கொண்டுவருகிறது. தாய்லாந்தில் வேகாத மீனில் இருக்கும் புழு பித்தக் குழாயில் அதே வேலையைச் செய்கிறது. யானைக்கால் புழுவும், முந்திரித் தோப்பில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு வரும் கொக்கிப்புழுவும் இந்தப் பட்டியலில் இல்லை. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிச் சோகையைத் தரும், அதுவே போதுமான கெடுதல்.

எகிப்தின் கதையில் இன்னொரு துயரமும் இருக்கிறது. 1950-களிலிருந்து 1980-கள் வரை அந்தப் புழுவை ஒழிக்க ஊர் ஊராக ஊசி போட்டார்கள். நோக்கம் நல்லது, ஆனால் ஊசியைச் சரியாகக் கொதிக்கவைக்காமல் ஒருவருக்குப் போட்டதையே அடுத்தவருக்கும் போட்டார்கள். ஹெபடைடிஸ் சி கிருமி இலட்சக்கணக்கானவர்களுக்குப் பரவியது. அதன் விளைவாகப் பின்னாளில் கல்லீரல் சுருக்கமும் கல்லீரல் புற்றுநோயும் அந்த நாட்டில் பெருகின. பிறகு ஊசியே வேண்டாத மாத்திரை வந்தது. ஊசி போட்டால்தான் மருத்துவம் பார்த்தது போல இருக்கும் என்று டாக்டரை வற்புறுத்துகிற நம்மவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இந்தச் செய்தியின் இஸ்னாத் எங்கே?

இப்போது வாட்ஸ்அப் செய்திக்கு வருவோம். ஒரு ஹதீஸைக் கேட்டால் நம் உலமாக்கள் முதலில் பார்ப்பது வாசகம் எவ்வளவு அழகு என்பதை அல்ல. யார் யாரிடமிருந்து கேட்டார், அவர்கள் சந்தித்துக்கொண்டது உறுதியா, நடுவில் கண்ணி அறுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்று ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. மார்க்கத்தில் இவ்வளவு கவனமாக இருக்கிற நாம், உயிர்போகும் விஷயத்தில் 'ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்ற ஒரு வார்த்தையை மட்டும் நம்பலாமா?

விசாரித்துப் பார்த்தால் கிடைப்பது இதுதான். ஃபென்பெண்டசோல் விலங்குகளுக்கான மருந்து. மனிதருக்கு எந்த நோய்க்கும் அனுமதிக்கப்பட்டதில்லை. அமெரிக்காவில் ஒருவர் அதனால் தன் நுரையீரல் புற்றுநோய் போனதாகச் சொன்னதிலிருந்து கதை தொடங்கியது. அதே சமயத்தில் அவர் ஒரு புதிய நோயெதிர்ப்புச் சிகிச்சையின் சோதனையிலும் இருந்தார் என்பது ஃபார்வர்டில் வருவதில்லை. 2019-இல் தென்கொரியாவில் இது காட்டுத்தீயாகப் பரவி, கால்நடைக் கடைகளில் மாத்திரை தீர்ந்துபோனது. நுரையீரல் புற்றுநோய் முற்றிய ஒரு நகைச்சுவை நடிகர் ஊரறியச் சாப்பிட்டுப் பார்த்தார். பல மாதம் கழித்துப் பலனில்லை என்று அவரே நிறுத்திவிட்டார். 2021-இல் இறந்தார். கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஐவர்மெக்டின் அப்படியல்ல, அது மனிதருக்கும் நல்ல மருந்து. ஜப்பானியர் சதோஷி ஒமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த கிருமியிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவில் கண்ணைப் பறிக்கும் ஆற்றுக்குருடு நோய்க்கு 1987 முதல் இலவசமாகக் கொடுத்தார்கள். அதற்காகவே அவரும் வில்லியம் கேம்பலும் 2015-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மதரஸா விடுதிகளில் சொறி பரவினால் நம் டாக்டர்களும் எழுதித் தருகிறார்கள். ஆனால் பரிசு கிடைத்தது புழுவுக்கு, புற்றுநோய்க்கு அல்ல. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றணுவை ஐவர்மெக்டின் கொல்வதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். தட்டில் இருக்கும் அணுவை உப்புத் தண்ணீர்கூடக் கொன்றுவிடும். மனித உடம்புக்குள் நோய் குறைகிறதா, ஆயுள் நீள்கிறதா என்பதுதான் கேள்வி. எந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் அதைப் புற்றுநோய்க்கு அனுமதிக்கவில்லை.

நோபல் பரிசும் முடிந்த முடிவல்ல. 1926-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபிபிகருக்குப் போனது, எலியின் வயிற்றில் புழுவால் புற்றுநோய் வருகிறது என்று காட்டியதற்காக. பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது, எலிகளின் உணவில் வைட்டமின் ஏ இல்லாததே அந்தப் புண்ணுக்குக் காரணம் என்று தெரியவந்தது.

பூச்சி மருந்தைப் புற்றுநோய்க்கு யாருமே சோதிக்கவில்லை, மறைத்துவிட்டார்கள் என்பதும் சரியில்லை. ஆட்டுக்குக் கொடுக்கும் லெவமிசோல் என்ற பூச்சி மருந்தை, குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு வேறொரு கீமோ மருந்துடன் சேர்த்துக் கொடுக்க அமெரிக்க அரசு 1990-இல் அனுமதி கொடுத்தது. உலகமெங்கும் டாக்டர்கள் எழுதினார்கள். மனிதருக்கான மாத்திரையின் விலை ஆட்டுக்கான மாத்திரையைவிட ஏறக்குறைய நூறு மடங்கு என்று அந்த ஆய்வை நடத்திய டாக்டரே பகிரங்கமாகக் கண்டித்தார். கம்பெனிகள் மேல் மக்களுக்கு இருக்கும் சந்தேகம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஆனால் கதை அதோடு முடியவில்லை. அடுத்தடுத்த சோதனைகளில் லெவமிசோல் இல்லாமல், அதே கீமோ மருந்துடன் லியூகோவோரின் சேர்த்துக் கொடுத்தால் நன்றாக வேலை செய்வது தெரிந்ததும் பூச்சி மருந்தைக் கைவிட்டார்கள். லியூகோவோரின் வேறு யாருமல்ல, ஃபோலிக் அமிலத்தின் நெருங்கிய சொந்தம். அனுமதித்ததும் சோதனைதான், அகற்றியதும் சோதனைதான்.

இந்த ஒழுங்கு மேற்கிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு சீனா தம் மருத்துவ நூலான கானூனில் மருந்தைச் சோதிக்க விதிகள் வகுத்திருக்கிறார். அவற்றில் ஒன்று, மருந்தை மனித உடம்பில்தான் சோதிக்க வேண்டும், சிங்கத்திலோ குதிரையிலோ வேலை செய்ததை வைத்து மனிதருக்கு முடிவு செய்யக் கூடாது என்பது. நாய் மாத்திரைக்கும் அது பொருந்தும்.

கம்பெனிகள் மலிவான மருந்தை மறைக்கும் என்கிறார்களே, மெத்தோட்ரெக்ஸேட்டைப் பாருங்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய மருந்து, காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, மாத்திரை சில ரூபாய். உலகின் எல்லாப் புற்றுநோய் மருத்துவமனையிலும் இருக்கிறது.

நம் வீட்டு மருந்துப் பெட்டிக்கு

மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை புற்றுநோய் இல்லாதவர்கள் வீட்டிலும் இருக்கலாம். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் குறைந்த அளவில் எழுதித் தருகிறார்கள். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மருந்து. மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் சரிந்து உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. வீட்டில் உம்மாவுக்கோ நன்னிக்கோ இந்த மாத்திரை இருந்தால், அட்டையின் மேல் எந்தக் கிழமை என்று பெரிதாக எழுதி வையுங்கள். எல்லோருக்கும் மறக்காத நாள் என்பதால் வெள்ளிக்கிழமையை வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள், எந்த நாளில் போடுவது என்று அவர் சொன்னபடி போட வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பத்துக்கு வாய்ப்புள்ளவர்களும் மெத்தோட்ரெக்ஸேட்டைத் தொடக் கூடாது.

கருஞ்சீரகமும் தேனும் ஜம்ஜமும் ஓதிப் பார்ப்பதும் நம்மிடம் உள்ளவை. மருத்துவம் செய்துகொள்ளும்படி ஏவியவர்களும் நம் நபி (ஸல்) அவர்கள்தான். கீமோ நடக்கும்போது எந்தக் கஷாயம், எந்தப் பொடி, எந்தப் பூச்சி மாத்திரை எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஏசுவார் என்று பயந்து மறைக்காதீர்கள். கல்லீரல் ஒன்றுதான், பல மருந்துகளும் அது வழியாகத்தான் போக வேண்டும். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவர் அதன் தீங்குக்குப் பொறுப்பாளி என்று ஹதீஸ் இருப்பதை, குழுவில் மருந்துப் பெயர்களைப் பகிர்கிறவர்கள் ஒரு முறை யோசிக்கட்டும்.

பூச்சி மாத்திரையை அதற்குரிய வேலைக்கு மறுக்காதீர்கள். தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லுங்கள். இரண்டு வயது ஆகாத குழந்தைக்குப் பாதி மாத்திரையை நசுக்கித் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். அன்று விடுபட்ட பிள்ளைகளுக்குச் சில நாள் கழித்து மறுபடியும் கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு, காரணமில்லாத எடைக் குறைவு என்று எது இருந்தாலும் முதலில் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். கடலூர் தலைமை மருத்துவமனையும், சிதம்பரத்தில் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியும், பக்கத்துப் புதுச்சேரியில் ஜிப்மரும் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு ஜும்ஆவுக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தால் விண்ணப்பம் எழுத உதவுவோம். சிகிச்சைக்குப் போய் வரும் பஸ் செலவு தடையாக இருந்து தேதி தவறுகிறது என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதற்கென்று பைத்துல்மாலில் தனியாக ஒதுக்கிய தொகை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதிச் சீட்டைக் காட்டினால் போதும், வேறு சான்று தேவையில்லை.